அதே ஆட்கள், வேறு மேலாளர்கள்: ஃப்ரீமாண்ட் கார் ஆலையில் நடந்தது

ஒரு நிறுவனத்தில் ஆள் நிற்கவில்லை என்றால் இரண்டு விளக்கம் கிடைக்கும். மேலாளர் அறையில் கேட்டால் "ஆள் சரியில்லை, யாருக்கும் உழைக்க மனசில்லை" என்பார்கள். வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களிடம் கேட்டால் "மேலே இருக்கிறவர் சரியில்லை" என்பார்கள். எது சரி என்று பார்க்க வேண்டுமானால் ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலாளர்களை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். யார் செய்வார்கள் அப்படி? ஆனால் கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே உள்ள ஃப்ரீமாண்ட் என்ற ஊரில், 1984இல் ஏறக்குறைய அப்படியே ஒன்று நடந்தது. ஆராய்ச்சிக்காக இல்லை, கார் விற்பதற்காக. தலைமைப் பாணி, ஆட்கள் நிலைப்பது, வாய் திறந்து பேசுவது என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஆலைதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் (சுருக்கமாக ஜிஎம்) 1960களின் தொடக்கத்தில் அங்கே ஒரு ஆலை கட்டியது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். 1982இல் மூடிவிட்டார்கள். மூடும்போது அந்த ஆலைக்கு இருந்த பெயர் என்னவென்றால், அமெரிக்க வாகனத் தொழிலிலேயே மோசமான தொழிலாளர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்பது. இதைச் சொன்னது நிர்வாகம் மட்டுமில்லை, அந்த வட்டாரத்தின் தொழிற்சங்கத் தலைவர் புரூஸ் லீயே (குங்ஃபூ நடிகர் இல்லை, பெயர் அப்படி) பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார். திங்கட்கிழமை காலையில் கார்களைப் பூட்டும் லைனை ஓடவிடும் அளவுக்கு ஆள் சேராமல், எதிரே உள்ள மதுக்கடைக்குப் போய் ஆள் பிடித்து வந்த கதைகளை அங்கே வேலை செய்தவர்களே சொல்கிறார்கள். மது, போதை, சூதாட்டம் எல்லாம் ஆலைக்குள்ளேயே கிடைத்தன. சிலர் வேண்டுமென்றே காரின் கதவுக்குள் கோக் பாட்டிலைப் போட்டு மூடினார்கள், வாங்கியவர் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று தெரியாமல் தவிக்கட்டும் என்று.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ராஜினாமாக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த ஆலையில் பெரிய பிரச்சினை எதுவும் தெரிந்திருக்காது. சம்பளம் நல்ல சம்பளம், சங்க ஒப்பந்தம் போட்ட சம்பளம். பணிமூப்பு ஏற ஏற நல்ல இடம், நல்ல ஷிப்ட். எவனாவது விட்டுப் போவானா? ஆனால் தினமும் ஐந்தில் ஒருவர் வராமல் இருப்பது ராஜினாமா இல்லாமல் வேறென்ன? தவணை முறையில் கொடுக்கும் ராஜினாமா, அவ்வளவுதான்.

பேச்சும் அப்படித்தான். அங்கே யாரும் வாய் திறக்கவில்லை என்று சொல்லவே முடியாது. ஆலை மூடிய நாளில் தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. சங்கம் அறிவிக்காத திடீர் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஆக, பேச்சு இருந்தது, எக்கச்சக்கமாக இருந்தது. அந்தப் பேச்சில் காரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. இந்தப் போல்ட் சரியாக உட்காரவில்லை, இந்தப் பாகம் தப்பாக வந்திருக்கிறது என்று ஃபோர்மேனிடம் சொல்ல எவருக்கும் காரணம் இல்லை, ஏனென்றால் ஆலையின் முதல் விதி லைன் நிற்கக் கூடாது என்பது. தப்பான எஞ்சின் ஏறினாலும், முன்பக்கம் ஒரு மாடலும் பின்பக்கம் இன்னொரு மாடலுமாக வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசியில் வெளியே தனி இடத்தில் நிறுத்தி வைத்துப் பிரித்துச் சரிசெய்துகொள்ளலாம். ஒருவர் லைன் ஓரப் பள்ளத்தில் விழுந்தபோதும் லைனை நிறுத்தவில்லை என்று ஒரு தொழிலாளி பல ஆண்டு கழித்து வானொலிப் பேட்டியில் சொன்னார். நிறுத்தினால் நிறுத்தினவருக்கு வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மேலாளர்களும் தினமும் எத்தனை கார் வெளியே போயிற்று என்ற எண்ணிக்கையை வைத்து எடை போடப்பட்டவர்கள்தான் என்பதால் அவர்கள் தனித்தனியாகக் கெட்டவர்கள் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை.

சரி, 1983க்கு வருவோம். ஜப்பானிலிருந்து கார் ஏற்றுமதிக்கு 1981 முதல் கட்டுப்பாடு வந்துவிட்டதால் டொயோட்டாவுக்கு அமெரிக்காவிலேயே கார் செய்ய வேண்டிய நெருக்கடி, அங்கத்துத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்க முடியுமா என்ற பயமும் கூடவே. ஜிஎம்முக்குச் சிறிய கார் செய்து லாபம் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து பாதிக்குப் பாதி ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. 'நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபாக்சரிங்', சுருக்கமாக நம்மி. மூடிக் கிடந்த ஃப்ரீமாண்ட் ஆலையை ஜிஎம் கொடுத்தது, ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுடையது. முதலில் டொயோட்டாவுக்கு அந்தத் தொழிற்சங்கத்தோடு சேரவே விருப்பமில்லை. முன்னாள் தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் யூசரி நடுவில் நின்று பேசி முடித்தார். சங்கம் வரும், பழைய ஆட்களுக்கு முன்னுரிமை உண்டு என்று முடிவானது. புதிய ஆலை முதலில் எடுத்த ஆட்களில் 85 சதவீதம் பேர் பழைய ஜிஎம் தொழிலாளர்கள். சங்கத்தில் சண்டைக்காரர்கள் என்று பெயர் வாங்கிய பழைய நிர்வாகிகளும் அதில் உண்டு.

புதிய நிறுவனத்தின் முதல் தலைவர் தட்சுரோ டொயோடா. இவருடைய அப்பா கீச்சிரோதான் டொயோட்டா மோட்டாரைத் தொடங்கியவர். 1950இல் நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அனுப்ப நேர்ந்தபோது, பெரிய வேலைநிறுத்தம் நடந்து, கடைசியில் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவியை விட்டு இறங்கியவர் அவர். டொயோட்டாவில் ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் அங்கிருந்து வருகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மி பற்றி எழுதும் பலர் கயிறு, விளக்கு, குழு என்று (இவற்றுக்குப் பிறகு வருகிறேன்) பேசிவிட்டு, ஆட்குறைப்பு பற்றிய ஒப்பந்தத்தை அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள். சங்கத்தோடு 1985இல் போட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது இது: நிறுவனத்தின் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வராமல் ஆட்குறைப்பு இல்லை. அப்படி வந்தாலும் முதலில் மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலைகளைத் திரும்ப உள்ளே கொண்டுவருவோம், அதற்கப்புறம்தான் தொழிலாளி. வேறு சில சின்ன மாற்றங்களும் செய்தார்கள், ஆனால் உள்ளே வந்தவுடன் கண்ணில் படும் மாற்றங்கள் அவை. மேலாளருக்கென்று தனிச் சாப்பாட்டுக்கூடம் இல்லை, வண்டி நிறுத்தத் தனி இடம் இல்லை, தனி அறை இல்லை.

உற்பத்தி தொடங்கும் முன் 450 பேர் போல, குழுத் தலைவர்களாகப் போகிறவர்களைப் பகுதி பகுதியாக ஜப்பானில் டொயோட்டா நகரத்தின் தகாவோகா ஆலைக்கு அனுப்பினார்கள், மூன்று வாரம். வகுப்பறைப் பாடம் கொஞ்சம்தான், மீதி நேரம் ஜப்பானியத் தொழிலாளி பக்கத்தில் நின்று அதே வேலை. போனவர்கள் பலர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னதைப் பார்த்தால் அவர்களை அசைத்தது இயந்திரமோ வேகமோ இல்லை. வேலையில் பின்தங்கினால் ஒருவர் ஓடிவந்து உதவுகிறார், திட்டவில்லை. இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்ய என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள், சொன்னால் அன்றைக்கே கருவியை மாற்றிக் கொடுக்கிறார்கள். பத்து, பதினைந்து வருஷம் கார் செய்தவரிடம் அதுவரை ஒருவரும் கேட்டிராத கேள்வி அது. விடைபெறும் விருந்தில் அழுதவர்கள் உண்டு.

இனி அந்தக் கயிறு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஆண்டன் புதிதில்லை, கயிறாகவோ பொத்தானாகவோ பார்த்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லைன் நெடுகத் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், ஒரு போல்ட் இறங்கவில்லை என்றால், நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை என்றால், இழுக்க வேண்டும். இழுத்தால் ஒரு பாட்டு ஒலிக்கும், மேலே பலகையில் அந்த இடத்தின் எண் எரியும். லைன் உடனே நிற்காது, அந்தக் கார் அந்த இடத்தின் கடைசிக் கோட்டுக்கு வரும்வரை ஓடும். வேலைக்குக் கிடைக்கும் நேரமே சுமார் ஒரு நிமிடம் என்பதால் மிச்சம் இருப்பது சில நொடிகள். அதற்குள் குழுத் தலைவர் அங்கே வந்து நின்றாக வேண்டும். அவரும் இழுத்தவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் கயிற்றை மறுபடி இழுத்து விடுவிக்கலாம், முடியாவிட்டால் லைன் நிற்கும்.

இதை அமெரிக்காவில் வைக்கலாமா என்று அப்போதே பெரிய சந்தேகம் எழுந்தது. டொயோட்டாவில் வேலை செய்து, இந்தப் பயிற்சியைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான ஜான் ஷூக் என்ற அமெரிக்கர் சொல்லும் கதை இது. இந்த ஆட்களுக்கா லைனை நிறுத்தும் உரிமை கொடுக்கப்போகிறீர்கள் என்று ஜிஎம் தரப்பில் கேட்டார்களாம். உரிமையில்லை, கடமை, தப்பைப் பார்த்தால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது டொயோட்டாவின் பதில். எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றுகிறது. உரிமை என்றால் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமல் விடலாம், தைரியசாலி பயன்படுத்துவான், பயந்தவன் சும்மா இருப்பான். கடமை என்று வைத்துவிட்டால் பேசாமல் இருந்தவன்தான் பதில் சொல்ல வேண்டியவன் ஆகிறான், அதனால் பேசுவதற்குத் தனியாகத் தைரியம் என்று ஒன்று தேவைப்படாமல் போகிறது.

ஆனால் கடமை என்று எழுதிப் போட்டால் போதுமா? நம் ஊர் ஆலைகளில் "பாதுகாப்பு என் பொறுப்பு" என்று சுவர் முழுக்க எழுதியிருக்கும், யார் இழுக்கிறார்கள்? ஃப்ரீமாண்டில் கயிற்றை வேலை செய்ய வைத்தது இழுத்த அடுத்த நிமிடம் நடந்த விஷயம். முதலாவது, ஆள் வந்தார், ஒவ்வொரு முறையும். வருவதற்கு ஆள் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஐந்தாறு பேருக்கு ஒரு குழுத் தலைவர், அவருக்கு லைனில் நிரந்தர இடம் கிடையாது, அழைப்புக்கு ஓடுவதும் வராதவர் இடத்தை நிரப்புவதும்தான் வேலை. செலவுக் கணக்குப் பார்ப்பவர் கண்ணில் இவர் உபரி ஆள். இரண்டாவது, வந்தவர் "யார் இழுத்தது" என்று கேட்கவில்லை, "என்ன ஆச்சு" என்று கேட்டார். தப்பு செய்தவரைத் தேடாமல் தப்பு எப்படி நேர்ந்தது என்று தேடும் பழக்கம் அது. மூன்றாவது, அதே தப்பு மறுபடி வராமல் எதையாவது மாற்றினார்கள், கருவி வைக்கும் இடத்தையோ பாகம் வரும் வரிசையையோ, என்னவாக இருந்தாலும். பத்து தடவை இழுத்தும் எதுவும் மாறவில்லை என்றால் பதினோராவது தடவை இழுக்க யாருக்கும் கை வராது, அதற்கு மிரட்டல்கூடத் தேவையில்லை.

இன்னொன்று, ஸ்டாப்வாட்ச். பழைய ஆலையில் பொறியாளர் வந்து நின்று நேரம் கணக்கெடுப்பார், அவர் நிற்கும்போது தொழிலாளி மெதுவாகச் செய்வார், போனதும் தன் வழியில் செய்வார். இரு தரப்புக்கும் தெரிந்த நாடகம். நம்மியில் ஸ்டாப்வாட்சைத் தொழிலாளர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். எந்த அசைவு முதலில், எத்தனை நொடி, எந்தக் கையில் எந்தக் கருவி என்று குழுவே அளந்து, பேசி, எழுதி வைக்கும், வேலை அந்த எழுத்தின்படிதான் நடக்கும், மாற்றவேண்டுமென்றால் காரணம் சொல்லி மாற்றலாம். வேலையே கண்டிப்பான வேலைதான், சுதந்திரம் என்று இதைச் சொல்ல முடியாது. கண்டிப்பை யார் எழுதினார்கள் என்பதுதான் மாறியது. பேசுகிற வழி இப்படி வேலைக்குள்ளேயே இருந்ததால் 1991இல் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன, பெரும்பாலானவை நடைமுறைக்கும் வந்தன.

விளைவு என்ன என்று பார்த்தால், முதல் கார், செவர்லே நோவா, 1984 டிசம்பரில் வெளியே வந்தது. அன்றாடம் வராதவர் கணக்கு 20 சதவீதத்துக்கு மேலிருந்து 2 முதல் 4 சதவீதத்துக்கு இறங்கியது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வாகன ஆய்வுக் குழு அந்த ஆண்டுகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரின் ஜிஎம் ஆலையில் ஒரு காரைப் பூட்ட 31 மணி நேர உழைப்பு ஆனது, தகாவோகாவில் 16, ஃப்ரீமாண்டில் 19. குறைகள் நூறு காருக்கு ஃப்ரேமிங்ஹாமில் ஏறக்குறைய 130, தகாவோகாவிலும் ஃப்ரீமாண்டிலும் 45. கதவுக்குள் பாட்டில் போட்ட அதே கைகள் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை.

பழிப்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. முதல் ஆட்சேபம்: இரண்டு வருஷம் வேலையில்லாமல் கிடந்தவர்கள், ஆலை மூடினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள், பயந்து உழைத்தார்கள், இதில் தலைமையின் பெருமை என்ன? பயம் ஒரு பங்கு வேலை செய்திருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் பயந்தவன் நேரத்துக்கு வருவான், தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வான், லைனை நிறுத்த மாட்டானே. பயம் மட்டும் காரணம் என்றால் வருகை ஏறியிருக்க வேண்டும், கயிறு சும்மா தொங்கியிருக்க வேண்டும். பயத்தின் மேல் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அது எப்போது என்று கேட்டால் 1987, 88ஐச் சொல்வேன். நோவா விற்பனை விழுந்தது. ஆலையில் வேலை இல்லை. பழைய ஜிஎம்மாக இருந்தால் கும்பலாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். நம்மி ஒருவரையும் அனுப்பவில்லை. பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள், லைனைச் சீர்செய்யும் வேலைகளில் போட்டார்கள், வெளியே கொடுத்திருந்த சில வேலைகளை உள்ளே எடுத்தார்கள். காகிதத்தில் இருந்த வாக்குறுதிக்குக் காசு செலவழித்த நாள் அது. நான் சொன்ன யோசனையால் நாலு பேர் செய்யும் வேலையை மூன்று பேர் செய்யலாம் என்று ஆகும்போது அந்த நாலாவது ஆள் வீட்டுக்குப் போவான் என்றால் எந்த மடையன் யோசனை சொல்வான்? ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதியையும் யோசனைப் பெட்டியையும் இரண்டு தனிக் கொள்கைகளாகப் பார்ப்பவர்களுக்கு இது புரியாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடுமையானது. ஒரு நிமிடத்தில் 45 நொடி உழைத்தவனை 57 நொடி உழைக்க வைத்துவிட்டார்கள், அழுத்தத்தை வைத்து நடத்தும் நிர்வாகம்தான் இது என்று தொழிலாளர் இயக்கத்தில் ஒரு தரப்பு எழுதியது. ஆலைச் சங்கத்துக்குள்ளேயே நிர்வாகத்தோடு ஒத்துழைக்கும் அணி, எதிர்க்கும் அணி என்று இரண்டு இருந்தன, தேர்தலில் மாறி மாறி மோதின. 1993இல் புதிய மாடலுக்கு மாறியபோது கை, மணிக்கட்டு, முதுகு வலி என்று காயங்கள் கூடி, உடலுக்கேற்ப வேலையை அமைப்பதில் போதிய கவனம் இல்லை என்று தொழிலிடப் பாதுகாப்பு ஆணையம் ஆலையின் மேல் குற்றம் சாட்டியது. கயிறு இருந்த ஆலையில்தான் இது நடந்தது. போல்ட் இறங்கவில்லை என்று சொல்ல வழி வைத்திருந்தார்கள், தோள் வலிக்கிறது என்று சொல்வதற்கு அதே அளவு நல்ல வழி இல்லை. காரின் குறை ஒரு நிமிடத்தில் தெரியும், தோளின் குறை ஆறு மாதம் கழித்துத் தெரியும், அதற்குள் குழுத் தலைவர் "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்று சொல்லியிருப்பார். பேசும் பழக்கம் வந்துவிட்டால் எல்லாவற்றையும் பேசுவார்கள் என்று நினைப்பது தப்பு, எதைக் கேட்கத் தயாராக இருக்கிறோமோ அதைத்தான் பேசுவார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பிக்அப் டிரக் மாடல் அறிமுகத்தின்போது இதைச் சரிசெய்து காயங்களைக் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜிஎம் இந்தப் பாடத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்பது தனிக் கூத்து. நம்மியில் பயிற்சிக்குப் போட்ட ஜிஎம் மேலாளர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு ஜிஎம்முக்குத் திரும்பினால் அவர்களை எங்கே போடுவது என்று தெரியாமல் நாலா பக்கமும் சிதறவிட்டார்கள். கமாரோ, ஃபயர்பேர்ட் கார்கள் செய்த லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து வான் நைஸ் ஆலையில் ஃப்ரீமாண்டைப் போலவே செய்து காட்டுகிறோம் என்று 1987இல் குழு முறையைக் கொண்டுவந்தார்கள். கயிறும் கட்டினார்கள். ஆனால் மேலாளருக்கு மதிப்பெண் இன்னும் கார் எண்ணிக்கையில்தான், லைன் நின்றால் அவருக்குத்தான் அடி. குழுத் தலைவர் பதவி பணிமூப்பு பார்த்து. வடிவமைப்பே பொருந்தாத பாகம் வந்தால் மிச்சிகனில் உள்ள பொறியாளரிடம் சொல்ல வேண்டும், அவருக்கோ ஆலைத் தொழிலாளி சொல்லிக் கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே கயிற்றை இழுத்தால் கத்தல் கேட்டது, சிலர் இழுப்பதை நிறுத்தினார்கள், தொழிலாளர்களில் பாதிப்பேர் இதை வேலையை இறுக்கும் தந்திரம் என்று முதலிலிருந்தே நினைத்தார்கள். நினைத்ததில் என்ன தப்பு, ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி அவர்களுக்குத் தரப்படவில்லையே. 1992இல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள்.

ஃப்ரீமாண்டுக்கும் வான் நைஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மேலாளரின் குணம் என்று சுருக்கிவிட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வான் நைஸ் மேலாளர்களில் சிலர் ஃப்ரீமாண்டில் பழகி வந்தவர்கள், மனதார நம்பியவர்கள். தலைமைப் பாணி என்றதும் நாம் இவர் கனிவானவர், அவர் கறாரானவர் என்று பேசுகிறோம். கனிவான மேலாளருக்கு மேலே இருப்பவர் மாதக் கடைசி எண்ணிக்கையை மட்டும் கேட்பவராக இருந்தால் கனிவு மூன்று மாதம்கூடத் தாங்காது. அதேபோல டொயோட்டா என்ற பலகையும் காப்பு இல்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதி ஆலையில் 2020 நவம்பரில் வேலைப்பளு பற்றிய தகராறில் ஒரு சங்க நிர்வாகி பணியிடைநீக்கம் செய்யப்பட்டு, வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று மாதக்கணக்கில் இழுத்தது. அங்கேயும் லைன், விளக்கு, குழு எல்லாம் டொயோட்டாவுடையதுதான்.

இன்னும் மேலே போனால் இன்னும் மோசம். 2009 ஜூனில் ஜிஎம் திவாலானது, நம்மியை விட்டு விலகியது. தனியாக நடத்த டொயோட்டாவுக்கு விருப்பமில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று ஃப்ரீமாண்ட் ஆலை மூடியது, 4,700 பேர் போல வேலை இழந்தார்கள். கட்டடத்தை டெஸ்லா வாங்கிக்கொண்டது. நாலு ஆண்டு கழித்து, 2014இல், அந்தக் கூட்டின் இரண்டு பங்காளிகளும் ஒரே மாதிரிக் குற்றத்துக்காக அரசிடம் மாட்டியிருந்தார்கள். கார் தானாக வேகமெடுக்கும் புகார்களில் மக்களிடம் உண்மையைச் சொல்லவில்லை என்பதற்காக டொயோட்டா 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இதை மூடிவைப்பது சரியில்லை, வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று அதன் அமெரிக்க அலுவலக உயரதிகாரி ஒருவர் 2010 ஜனவரியில் எழுதிய மின்னஞ்சல் பிறகு வெளிவந்தது. ஜிஎம்மில் சாவி போடும் சுவிட்சின் குறை, ஓடும்போதே எஞ்சின் அணைந்து காற்றுப்பையும் விரியாமல் போகும் குறை, பல ஆண்டுகளாகப் பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நஷ்டஈட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் மட்டும் 124. நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞரின் விசாரணை அறிக்கையில் "ஜிஎம் தலையாட்டல்" என்று ஒன்று வருகிறது: கூட்டத்தில் எல்லோரும் ஆமாம், செய்ய வேண்டியதுதான் என்று தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். 2008இல் ஊழியர்களுக்குக் காட்டிய ஒரு பாடத்தில் குறைபாடு, ஆபத்து மாதிரியான சொற்களை எழுதவே கூடாது என்று பட்டியல் போட்டிருந்தார்கள், குறைபாடு என்பதற்குப் பதில் "வடிவமைத்தபடி இயங்கவில்லை" என்று எழுத வேண்டுமாம்.

ஆலைத் தரையில் கயிறு கட்டியவர்கள் தங்கள் மாநாட்டு அறையில் ஒன்று கட்டவில்லை. லைனில் பேசினால் நட்டம் ஒரு நிமிடம், மேலே பேசினால் நட்டம் கோடிகளில், பேசியவரின் பதவி உயர்வும் சேர்ந்து போகும். அந்த இடத்தில்தான் ஒருவர் இழுத்ததும் யார் வந்து நிற்பார் என்ற கேள்வி நிஜமாக வருகிறது.

உங்கள் அலுவலகம் எப்படி என்று பார்க்க ஊழியர் மனநிலைக் கணக்கெடுப்பு எல்லாம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், அதில் எல்லோரும் ஐந்துக்கு நாலு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ராஜினாமா எண்ணிக்கையைவிடத் திங்கட்கிழமை லீவு, கடைசி நேரத் தலைவலி, கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது இவற்றைப் பாருங்கள், சம்பளத்துக்காகவும் வீட்டுக்கடனுக்காகவும் நின்றுகொண்டிருப்பவர்கள் அங்கேதான் தெரிவார்கள். விலகுகிறவரிடம் கடைசி நாளில் நடத்தும் பேட்டி ரொம்பத் தாமதம், அதிலும் அவர் அனுபவச் சான்றிதழை நினைத்து நல்லதாகத்தான் சொல்வார். அப்புறம், கடந்த ஒரு வருஷத்தில் உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவந்த மூன்று பேர் பெயரை எழுதிப் பாருங்கள். மூன்று பெயர் சேரவில்லை என்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். சேர்ந்தால், அவர்கள் இப்போது எந்த வேலையில், எந்த மதிப்பெண்ணோடு இருக்கிறார்கள், அவர்கள் சொன்ன விஷயம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். உங்கள் குழுவில் உள்ள மற்றவர்கள் அந்த மூவரையும் ஏற்கனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.